பறவைக் குழுவுக்கு டிஸ்கார்டு ஒத்துவருமா? வாட்ஸ்அப்பை விடலாமா, வேண்டாமா?

குளத்துக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி பக்கத்துக் குளங்களில் பறவை பார்க்கும் நம் கூட்டத்துக்கு இன்றுவரை இருப்பது ஒரே ஒரு வாட்ஸ்அப் குழு. அது இனிமேல் தாங்காது என்று நினைக்கிறேன். நயினார்குளத்தில் காலையில் எடுத்த படத்தைப் போட்டு "இது எந்த உப்புக்கொத்தி?" என்று ஒருவர் கேட்கிறார். பதில் தெரிந்தவர் சாயங்காலம் குழுவைத் திறக்கும்போது அந்தக் கேள்வி காலை வணக்கங்களுக்கும் பிறந்தநாள் வாழ்த்துகளுக்கும் அடியில் எங்கோ கிடக்கிறது. மானூர் குளத்தில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது, கூந்தன்குளத்துக்கு வரித்தலை வாத்து வந்துவிட்டதா, சனிக்கிழமை யார் வண்டியில் யார் வருகிறார்கள் என்று எல்லாப் பேச்சும் ஒன்றாகக் கலந்துவிடுகிறது.

மாற்றாக நாங்கள் சிலர் டிஸ்கார்டைச் சோதித்துப் பார்த்து வருகிறோம். 2015-இல் கணினி விளையாட்டு ஆடுபவர்கள் ஆடிக்கொண்டே பேசுவதற்காக வந்த செயலி அது. இப்போது படிப்பு வட்டங்கள், மென்பொருள் குழுக்கள், இசைக்காரர்கள் என்று பலரும் அங்கே இருக்கிறார்கள். ஒரு கூட்டத்துக்கு ஒரு சர்வர், அதாவது அந்தக் கூட்டத்துக்கான தனி இடம். அதற்குள் தலைப்புவாரியாக எழுத்துச் சேனல்கள், தனியே குரல் சேனல்கள். ஒரு சர்வருக்குள் 500 சேனல் வரை திறக்கலாம். நமக்குப் பத்தே அதிகம்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது குரல் சேனல்தான். அது எப்போதும் திறந்தே இருக்கும், யார் போனிலும் மணி அடிக்காது. சாயங்காலம் குறுக்குத்துறைப் படித்துறைக்குப் போனால் தெரிந்தவர் யாராவது உட்கார்ந்திருப்பார்கள் அல்லவா, அப்படி. உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று வெளியிலிருந்தே பெயரோடு தெரியும். போய்ச் சேர்ந்துகொள்ளலாம், வேலை வந்தால் எழுந்து வரலாம். வாரம் ஒரு இரவு நாம் பேசும் கூட்டத்துக்கு இது நன்றாகப் பொருந்தும்.

உங்கள் கருத்து வேண்டும். எதிர்க்கருத்து இருந்தால் அதை முதலில் சொல்லுங்கள்.

பேட்டைக்காரர் எழுதியது:

தம்பி, எதிர்க்கருத்து என்னிடம் நிறையவே இருக்கிறது. வாட்ஸ்அப்பிலும் இப்போது 1024 பேர் வரை சேர்க்கலாம். 2022-இல் கம்யூனிட்டி வசதி வந்தது, பல குழுக்களை ஒரு தலைப்பின் கீழ் வைக்கலாம். மணி அடிக்காத குரல் அரட்டையும் 2023-லேயே வந்துவிட்டது. இருப்பதை ஒழுங்குபடுத்தாமல் புது இடத்துக்குப் போவானேன்?

இன்னொன்று மொழி. வாட்ஸ்அப்பின் பொத்தான், அமைப்பு எல்லாம் தமிழிலேயே கிடைக்கின்றன. டிஸ்கார்டில் இந்தி இருக்கிறது, தமிழ் இல்லை. மடை பார்க்கும் பெரியவர்கள் நம் குழுவில் இருக்கிறார்கள். கால்வாயில் தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்பதும், எந்தக் குளத்தில் மீன்பிடிக் குத்தகை நடக்கிறது என்பதும் அவர்கள் மூலமாகத்தான் நமக்கு முதலில் தெரிகிறது. இங்கிலீஷில் அமைப்புப் பக்கம் திறந்தால் அவர்கள் அங்கேயே நின்றுவிடுவார்கள். அவர்கள் இல்லாத குழு எனக்கு வேண்டாம்.

பாளை மாணவி எழுதியது:

அண்ணாச்சி, நீங்கள் சொல்வது சரிதான். ஆனால் நான் ஏன் அந்தக் குழுவிலிருந்து வெளியேறினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்த நிமிடத்திலேயே என் போன் நம்பர் எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. அதை எடுத்து ஒருவர் ராத்திரி நேரத்தில் தொடர்ந்து செய்தி அனுப்பினார். தடை செய்தேன், வேறு நம்பரிலிருந்து வந்தது. யார் என்பது இங்கே தேவையில்லை. என் தோழிகள் இருவர் சேராமல் இருப்பதற்கும் இதுதான் காரணம். பெண்கள் ஏன் குழுவில் பேசுவதில்லை என்று போன சந்திப்பில் கேட்டீர்கள். நம்பரைக் கொடுத்துவிட்டுத்தான் பேச வேண்டும் என்றால் எப்படிப் பேசுவது?

டிஸ்கார்டில் மின்னஞ்சல் கொடுத்துப் பதிவு செய்யலாம். புனைபெயரில் இருக்கலாம், நம்பர் யாருக்கும் தெரியாது. ஒரே சர்வரில் இருப்பவர்கள் தனிச்செய்தி அனுப்புவதையும் அமைப்பில் போய் நிறுத்திவைக்கலாம். எனக்கு இது போதும்.

பேட்டைக்காரர் எழுதியது:

இது பெரிய விஷயம் அம்மா. இதை வைத்துப் பார்த்தால் மாறத்தான் வேண்டும். ஆனால் டெலிகிராமிலும் நம்பரை மறைக்கலாமே. 2 லட்சம் பேர் வரை ஒரு குழுவில் இருக்கலாம், 2 ஜிபி வரை கோப்பு அனுப்பலாம், 2020 கடைசியிலிருந்து குழுக் குரல் பேச்சும் இருக்கிறது. பார்க்க வாட்ஸ்அப் மாதிரியே இருப்பதால் பெரியவர்களுக்கும் பழக எளிது.

மேலப்பாளையம் நெட் எழுதியது:

டெலிகிராமை நானும் முதலில் யோசித்தேன். கோப்பு விஷயத்தில் அதற்கு ஈடு கிடையாது. டிஸ்கார்டில் பணம் கட்டாதவர் ஒரு கோப்பை 10 எம்பிக்குள்தான் ஏற்ற முடியும், கேமராவில் எடுத்த மூலப்படத்தை அப்படியே போட முடியாது. டெலிகிராம் குழுக்களில் தலைப்புகளாகப் பிரிக்கும் வசதியும் 2022-லிருந்து உண்டு.

நமக்கு அது போதாமல் போவது வேறு இடத்தில். டிஸ்கார்டில் ரோல் என்று ஒன்று இருக்கிறது. ஒருவருக்கு ஒன்றோ பலவோ ரோல் கொடுக்கலாம், எந்த ரோல் எந்தச் சேனலைப் பார்க்கலாம், எழுதலாம், மைக் திறக்கலாம் என்று தனித்தனியே சொல்லலாம். டெலிகிராமில் ஒரே குழுவுக்குள் ஒரு தலைப்பைச் சிலர் மட்டும் பார்க்கும்படி பூட்ட முடியாது, அதற்குத் தனிக் குழுவே தொடங்க வேண்டும். நமக்குப் பூட்டு எதற்கு என்று கேட்பீர்கள். மணிமுத்தாறு அண்ணன் சொல்லட்டும்.

மணிமுத்தாறு எழுதியது:

கூடுதான் காரணம். இருவாச்சி எந்த மரத்தில் கூடு வைத்திருக்கிறது, ஆந்தை எந்தப் பாறை இடுக்கில் குஞ்சு பொரித்திருக்கிறது என்று பெரிய குழுவில் ஒரு வரி போட்டால் போதும், அடுத்த ஞாயிற்றுக்கிழமை கேமராக்காரர்கள் மரத்தைச் சுற்றி நிற்பார்கள். தாய்ப்பறவை கூட்டுக்கு வராமல் தள்ளியே உட்கார்ந்திருக்கும், குஞ்சு பட்டினி கிடக்கும். பார்த்த பறவைகளைப் பதிவு செய்யும் ஈபேர்டு போன்ற தளங்களே ஆபத்தில் இருக்கும் சில இனங்களைப் பார்த்த இடத்தை வெளியே காட்டாமல் மறைத்துவைக்கின்றன. நாம் மட்டும் திறந்த குழுவில் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

கூந்தன்குளத்தில் நிலைமை வேறு. 1994-இல் சரணாலயம் ஆவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே ஊர் மக்கள் அந்தப் பறவைகளைப் பார்த்துக்கொள்கிறார்கள். மஞ்சள் மூக்கு நாரையும் கூழைக்கடாவும் ஊருக்குள் இருக்கும் மரங்களிலேயே கூடு கட்டும். அங்கே ஊரே காவல். காட்டுக்குள் அப்படிக் காவல் கிடையாது. கூட்டைப் பற்றிய செய்தி அனுபவமுள்ள சிலருக்கு மட்டும் தெரிய வேண்டும். அதனால் ரோல் வசதி ஒன்றுக்காகவே டிஸ்கார்டுக்கு என் ஓட்டு.

ஆனால் குரல் சேனலில் ஒரு சிக்கலைப் பற்றிச் சொல்ல வேண்டும். பக்கி என்ற இரவுப் பறவையின் குரலைப் பதிவு செய்துவைத்திருந்தேன். அடையாளம் கேட்பதற்காக அதை மைக்குக்குப் பக்கத்தில் ஒலிக்கவிட்டேன். எதிர்ப்பக்கம் ஒருவருக்கும் கேட்கவில்லை! என் பேச்சு மட்டும் தெளிவாகக் கேட்டதாம்.

மேலப்பாளையம் நெட் எழுதியது:

அண்ணே, அது செயலி தன் வேலையைச் சரியாகச் செய்ததால் வந்தது. டிஸ்கார்டில் கிரிஸ்ப் என்ற இரைச்சல் அடக்கி இருக்கிறது. மனிதக் குரலை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் வெட்டிவிடும். வண்ணார்பேட்டை மேம்பாலத்துக்குக் கீழே நின்று பேசினாலும் பஸ் ஹார்ன் அடுத்தவருக்குக் கேட்காது, அந்த அளவுக்கு நன்றாக வெட்டும். பறவைக் குரலும் அதன் கணக்கில் இரைச்சல்தான். குரல் அமைப்பில் போய் இரைச்சல் அடக்குவதை நிறுத்துங்கள். எதிரொலி நீக்கும் வசதி, ஒலி அளவைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் வசதி இரண்டையும் சேர்த்தே நிறுத்துங்கள். பிறகு ஓரளவு கேட்கும்.

அப்படியும் அடையாளம் காண அதை நம்பக் கூடாது. மைக் வழியாகப் போகும் ஒலி சுருக்கப்பட்டுத்தான் போகிறது. பதிவைக் கோப்பாகவே சேனலில் போடுங்கள். 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், ஒற்றைத் தடம் என்றால் சுருக்காத வேவ் கோப்பு நிமிடத்துக்கு 5 எம்பி சொச்சம் வரும். 10 எம்பிக்குள் ஒன்றேமுக்கால் நிமிடம் அடங்கும். இரட்டைத் தடத்தில் பதிவு செய்தால் ஒரு நிமிடம்கூட அடங்காது. கூவும் பகுதியை மட்டும் வெட்டிப் போட்டால் போதும்.

ஷார்ஜா நெல்லையான் எழுதியது:

இங்கிருந்து ஒரு செய்தி. இந்த நாட்டில் உரிமம் வாங்காத இணையக் குரல் சேவைகளுக்குத் தடை இருக்கிறது. வாட்ஸ்அப்பில் வீட்டுக்குப் பேச முடியாமல்தான் நாங்கள் வேறு செயலிகளை வைத்திருக்கிறோம். டிஸ்கார்டின் குரல் சேனலையும் நம்பி இருக்க முடியாது. எழுத்து, படம் எல்லாம் வந்துவிடும். அதனால் வாரப் பேச்சைப் பதிவு செய்து போட்டால் என்னைப் போன்றவர்களும் கேட்போம். ஊர்க் குளத்தைப் பற்றி யாராவது பேசுவதைக் கேட்பதே இங்கே பெரிய ஆறுதல்.

குளத்துக்கரை எழுதியது:

செய்யலாம் அண்ணே. டிஸ்கார்டு தானாக எதையும் பதிவு செய்து தராது. கிரெய்க் என்று ஒரு பாட், அதாவது தானாக இயங்கும் நிரல், உண்டு, அதைக் கூப்பிட்டால் சேனலில் வந்து உட்கார்ந்து ஒவ்வொருவர் குரலையும் தனித்தடமாகப் பதிவு செய்யும். ஆனால் பதிவு ஓடுகிறது என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும், யாருக்காவது விருப்பம் இல்லையென்றால் நிறுத்த வேண்டும். இதை விதியாகவே வைப்போம்.

அம்பை வாசி எழுதியது:

டேட்டா எவ்வளவு தின்னும்? எங்கள் பக்கம் டவர் ஒரு கோடுதான்.

மேலப்பாளையம் நெட் எழுதியது:

குரல் சேனல் இயல்பாக 64 கேபிபிஎஸ் வேகத்தில் ஓடும். ஒருவர் தொடர்ந்து பேச நீங்கள் கேட்டுக்கொண்டே இருந்தால் மணிக்கு ஏறத்தாழ 30 எம்பி. பலர் ஒரே நேரத்தில் பேசினால் ஒவ்வொருவர் குரலும் தனியாக வருவதால் அந்த நேரத்தில் கூடும். யாரும் பேசாதபோது கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. சேனல் அமைப்பில் வேகத்தை 8 வரைகூட இறக்கலாம், ஆனால் குரல் கெட்டுவிடும். 32-இல் வைத்தால் பேச்சு தெளிவாகவே இருக்கும், செலவு பாதி. வீடியோவைத் தொடாதீர்கள், அதுதான் டேட்டாவைத் தின்னும்.

டீச்சர் எழுதியது:

நான் பள்ளிக்கூடத்தில் இயற்கை மன்றம் நடத்துகிறவள். நீங்கள் யாரும் பேசாத ஒன்றைச் சொல்கிறேன். நம் கணக்கெடுப்புக்கு எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஆசையாக வருகிறார்கள். டிஸ்கார்டின் விதிப்படி 13 வயதுக்குக் கீழே யாரும் கணக்கு வைக்கக் கூடாது. நம் நாட்டில் 2023-இல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது ஆகாத எல்லோரையும் குழந்தை என்றே சொல்கிறது, அவர்கள் விவரத்தைக் கையாளப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது. சட்டத்தை விடுங்கள். பிள்ளை ஒரு கணக்கைத் தொடங்கினால் நம் சர்வரோடு நிற்பானா? விளையாட்டுச் சர்வர், முகம் தெரியாதவர் கூப்பிடும் சர்வர் என்று வேறு எத்தனையோ கதவுகள் அங்கே இருக்கின்றன. வீட்டில் அம்மா அப்பாவுக்கு அந்தச் செயலியின் பெயர்கூடத் தெரிந்திருக்காது.

2025 அக்டோபரில் வெளிவந்த செய்தியும் நினைவிருக்கட்டும். டிஸ்கார்டுக்காக வாடிக்கையாளர் சேவை பார்த்த வெளி நிறுவனம் ஒன்றின் வழியாக, வயதை நிரூபிக்கப் பலர் கொடுத்திருந்த அடையாள அட்டைப் படங்கள் கசிந்தன. சுமார் 70,000 பேருடையது கசிந்திருக்கலாம் என்று டிஸ்கார்டே சொன்னது. அடையாள அட்டை கேட்கும் எந்த இடத்துக்கும் என் பிள்ளைகளை அனுப்ப மாட்டேன்.

பிள்ளைகள் கண்ட பறவைகளை நான் எழுதிப் போடுகிறேன். அவர்கள் கேள்வியையும் நானே கேட்கிறேன். பதிலை வகுப்பில் வாசித்துக் காட்டுவேன்.

பாளை மாணவி எழுதியது:

டீச்சர் சொல்வதுதான் சரி. 18 வயதுக்குக் கீழே யாரையும் சர்வரில் சேர்க்க வேண்டாம். சேர்ந்திருக்கும் கல்லூரிப் பிள்ளைகளுக்கும் ஒரு எச்சரிக்கை. "நீ மனிதன்தானா என்று சரிபார்க்க இந்தக் கியூஆர் குறியை ஸ்கேன் செய்" என்று யாராவது அனுப்பினால் தொடவே கூடாது. அது உள்நுழையும் குறி. ஸ்கேன் செய்து சம்மதம் கொடுத்தால் கணக்கு அவர்கள் கைக்குப் போய்விடும்.

பேட்டைக்காரர் எழுதியது:

மறையாக்கம் எப்படி? அனுப்புபவரும் பெறுபவரும் தவிர வேறு யாரும் படிக்க முடியாத முனைக்கு முனை மறையாக்கம் வாட்ஸ்அப்பில் 2016-லிருந்து இருக்கிறது. இதில்?

மேலப்பாளையம் நெட் எழுதியது:

குரல் சேனலுக்கும் வீடியோவுக்கும் உண்டு, 2024 செப்டம்பரில் அறிவித்துக் கொண்டுவர ஆரம்பித்தார்கள். எழுத்துச் செய்திக்கு இல்லை. நாம் எழுதுவதை நினைத்தால் நிறுவனம் பார்க்க முடியும். டெலிகிராம் குழுச் செய்திகளுக்கும் முனைக்கு முனை மறையாக்கம் கிடையாது. கூட்டு இடத்தைப் பொறுத்தவரை நமக்குப் பயம் அமெரிக்க நிறுவனத்தைப் பற்றி இல்லை, பக்கத்து ஊர்க் கேமராவைப் பற்றித்தான். அதற்கு ரோல் பூட்டு போதும். இருந்தாலும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்ணை எழுத வேண்டாம். நேரில் சொல்லிக்கொள்ளுங்கள்.

தென்காசி ரோடு எழுதியது:

ஸோஹோ நிறுவனத்தின் 'அரட்டை' செயலியைப் பற்றி யாரும் பேசவில்லையே? 2011-லிருந்து தென்காசிப் பக்கத்தில் அலுவலகம் நடத்தும் நிறுவனம். நம் ஊர்ப் பிள்ளைகள் எத்தனையோ பேர் அங்கே வேலை பார்க்கிறார்கள். அதற்கு ஒரு வாய்ப்பு கொடுக்க வேண்டாமா?

குளத்துக்கரை எழுதியது:

நானும் அப்படித்தான் ஆசைப்பட்டேன் சார். மத்தளம்பாறையில் வேலை பார்க்கும் நண்பர்கள் நம் கூட்டத்திலேயே இருக்கிறார்கள். அரட்டை 2021-இல் வந்தது, 2025 கடைசியில்தான் கூட்டம் கூட்டமாகச் சேர்ந்தார்கள். ஆனால் அதன் அமைப்பு வாட்ஸ்அப் வழியைச் சேர்ந்தது. போன் நம்பரில்தான் தொடங்க வேண்டும். பல அறைகள், அறைக்கு ஒரு பூட்டு என்ற ஏற்பாட்டுக்காகச் செய்ததில்லை. அறிவிப்புக்கு மட்டும் ஒரு குழுவை அங்கே வைக்கலாமா என்பதைத் தனியாகப் பேசலாம்.

வேய்ந்தான்குளம் எழுதியது:

எனக்குப் பெரிய கவலை பழைய பேச்சைப் பற்றியது. டிஸ்கார்டுக்குள் எழுதுவதை வெளியிலிருந்து கூகுளில் தேடி எடுக்க முடியாது. முழுச் சர்வரையும் ஒரே கோப்பாக இறக்கி எடுத்துவைக்க டிஸ்கார்டே தரும் வசதியும் கிடையாது. டெலிகிராமில் கணினி வழியாக எல்லாவற்றையும் இறக்கலாம், வாட்ஸ்அப்பிலும் எழுத்தை ஏற்றுமதி செய்யலாம். நாளைக்கு அந்த நிறுவனம் விலையை ஏற்றினாலோ கதவைச் சாத்தினாலோ நம் குளங்களைப் பற்றி இத்தனை பேர் எழுதியதெல்லாம் போய்விடும்.

அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம் 2011-லிருந்து ஜனவரிதோறும் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பை நடத்துகிறது. இத்தனை ஆண்டுக் கணக்கை இன்று ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறதென்றால் எண்களை ஒழுங்காக எழுதிவைத்ததால்தான். எந்தக் குளத்தில் எது குறைந்தது என்று கேட்பவருக்கு அரட்டைச் செய்தி சான்று ஆகாது. அதனால் எண்ணிக்கை எல்லாம் அன்றன்றே ஈபேர்டுக்குப் போக வேண்டும். செயலியில் பேச்சு மட்டும் இருக்கட்டும்.

முடிந்தால் மேட்ரிக்ஸ் நெறிமுறையில் ஓடும் எலிமெண்ட் அல்லது சூலிப் என்ற அரட்டைச் செயலியைச் சொந்த சர்வரில், அதாவது நாமே வாடகைக்கு எடுக்கும் கணினியில், நிறுவலாம். நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும் திறந்த மூலச் செயலிகள் அவை, தரவு நம் கையில் இருக்கும்.

மேலப்பாளையம் நெட் எழுதியது:

எனக்கும் அதுவே விருப்பம். ஆனால் சொந்த சர்வருக்கு மாத வாடகை, மேம்படுத்தும் வேலை, ராத்திரி நின்றுபோனால் எழுந்து பார்க்க ஒரு ஆள் எல்லாம் வேண்டும். சூலிப்பில் எழுத்து உரையாடல் அருமையாகப் பிரியும், ஆனால் எப்போதும் திறந்திருக்கும் குரல் அறை அதில் இல்லை. நம் கூட்டத்தில் இப்போதைக்கு அந்த ஆள் நான் ஒருவன்தான், நான் வெளியூர் போனால் யாரும் இல்லை. ஒருவனை நம்பி எல்லோரும் இருக்கக் கூடாது.

டிஸ்கார்டிலும் இந்தச் சிக்கல் சின்ன அளவில் உண்டு. சர்வருக்கு உரிமையாளர் ஒரே ஒரு கணக்குதான். அந்தக் கணக்கு போனால் மற்ற அட்மின்களால் உரிமையை எடுத்துக்கொள்ள முடியாது. அதனால் ஒரு ஆளின் சொந்தக் கணக்கில் தொடங்காமல் குழுவுக்கென்று ஒரு மின்னஞ்சலில் தொடங்கி, இரட்டைச் சரிபார்ப்பு போட்டு, மீட்புக் குறியீடுகளைத் தாளில் எழுதி இரண்டு பேர் வீட்டில் வைக்க வேண்டும்.

மணிமுத்தாறு எழுதியது:

2023 டிசம்பர் 17, 18-ஐ யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஆற்றில் வெள்ளம் வந்து கரண்ட் போய், பல ஊர்களில் டவரும் போனது. விட்டு விட்டு வந்த சிக்னலில் "நாங்கள் மாடியில் இருக்கிறோம்" என்ற ஒரு வரி மட்டும்தான் போனது, அதுவும் எல்லோர் கையிலும் ஏற்கெனவே இருந்த செயலியில். அந்த நேரத்தில் புதுச் செயலியை இறக்கி, பாஸ்வேர்டு தேட முடியாது. எனவே வாட்ஸ்அப் குழுவைக் கலைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். யார் நம்பர் யாரிடம் இருக்கிறது என்பதையும் தாளில் வைத்துக்கொள்ளுங்கள்.

குளத்துக்கரை எழுதியது:

எல்லாவற்றையும் படித்தேன். மனம் நிறைந்த நன்றி. ஒரே இடத்தில் எல்லாம் என்ற என் எண்ணத்தை விட்டுவிடுகிறேன். வாட்ஸ்அப் குழு இருக்கட்டும், ஆனால் அட்மின்கள் மட்டும் எழுதும்படி. தண்ணீர் திறப்பு, சந்திக்கும் இடம், மழை எச்சரிக்கை ஆகியவை அதில் வரும். அதில் சேர விருப்பமில்லாத பெண்களுக்கு அதே அறிவிப்பை டிஸ்கார்டிலும் போடுவோம், நம்பர் கொடுத்தாக வேண்டிய கட்டாயம் யாருக்கும் இருக்காது. மடை பார்க்கும் பெரியவர்கள் செய்தியை அட்மினுக்குக் குரல்செய்தியாக அனுப்பினால் போதும், நாங்கள் எழுதி ஏற்றுகிறோம்.

பேச்செல்லாம் டிஸ்கார்டில். சேனல் பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம், எழுத்துச் சேனலில் இடைவெளி விட்டால் அது இணைப்புக்கோடாக மாறிவிடும், அவ்வளவுதான். அடையாளம் கேட்பதற்கு ஃபோரம் வகைச் சேனல் வைக்கிறேன். அதில் ஒவ்வொரு கேள்வியும் தனி இழையாக நிற்கும், ஒரு மாதம் கழித்து வந்தும் பதில் சொல்லலாம். வாரப் பேச்சுக்கு மேடைச் சேனல். பேசுபவர் சிலர், மற்றவர்கள் கேட்பார்கள், கை உயர்த்தினால் மைக் கிடைக்கும். மற்ற நாட்களில் சாதாரணக் குரல் சேனல் ஒன்று திறந்திருக்கும், வேகம் 32. எண்ணிக்கை ஈபேர்டுக்கு. கூடு பற்றிய சேனல் பூட்டியிருக்கும், அதன் சாவி மணிமுத்தாறு அண்ணனிடம்.

பேட்டைக்காரர் எழுதியது:

சரி, சம்மதம். தமிழில் ஒரு பக்கக் குறிப்பு எழுதிக் கொடுங்கள். எந்தப் பொத்தான் எதற்கு என்று படத்தோடு இருக்க வேண்டும். பெரிய எழுத்தில் அச்சடித்து நானே கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறேன்.

பாளை மாணவி எழுதியது:

குறிப்பை நான் எழுதுகிறேன் அண்ணாச்சி. என் தோழிகளும் இனி சேர்கிறோம் என்கிறார்கள். விதிகளில் ஒன்றைச் சேர்த்துவிடுங்கள்: தொந்தரவு என்று யாராவது சொன்னால் விசாரிக்கும் அட்மின்களில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும்.

டீச்சர் எழுதியது:

அந்தப் பொறுப்பை நான் எடுத்துக்கொள்கிறேன்.

அம்பை வாசி எழுதியது:

இன்று சாயங்காலம் உள்ளே வந்து பார்த்தேன். 32-இல் குரல் அறுபடவில்லை. மேடைச் சேனலில் கை உயர்த்துவது போனில் எங்கே இருக்கிறது?

மேலப்பாளையம் நெட் எழுதியது:

மேடைக்குள் போனதும் திரையின் கீழ்வரிசையில் கை படம் இருக்கும். சர்வரில் கம்யூனிட்டி அமைப்பை இயக்கினால்தான் மேடைச் சேனலே திறக்க முடியும். அதை இன்று இரவு செய்துவிடுகிறேன், நாளை முயன்று பாருங்கள்.